அண்ணனை மன்னிக்க முடியாதவளுக்கு ஈஸ்டர் உண்டா?

கேள்வி: போதகர் ஐயாவுக்கு ஸ்தோத்திரம். எங்கள் அப்பா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் என் அண்ணன் அவரிடம் கையெழுத்து வாங்கி, வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். அப்பா இறந்த பிறகுதான் எனக்குத் தெரியவந்தது. கேட்டபோது, "அப்பாவை நீ எட்டிக்கூடப் பார்க்கவில்லை, உனக்கு எதற்குப் பங்கு?" என்றார். அதையே சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறார். அப்பாவைக் குளிப்பாட்டியதும் மருந்து கொடுத்ததும் நான்தான் ஐயா. வீடு போனதைவிட அந்தப் பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. 4 வருடமாக எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. இப்போது தவக்காலத்தில் அவரிடமிருந்து ஒரு செய்தி: "ஈஸ்டருக்குள் பழசையெல்லாம் மறந்துவிடுவோம், நாமும் கிறிஸ்தவர்கள்தானே." மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை அதில் இல்லை. சபைப் பெரியவர்களோ, "மன்னிக்காமல் திருவிருந்தில் கை நீட்டாதே, ஆக்கினை வரும்" என்கிறார்கள். போன ஈஸ்டர் ஆராதனையில் எல்லாரும் "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று சொன்னபோது எனக்கு வாயே திறக்கவில்லை. மன்னிக்க முடியாதவளுக்கு ஈஸ்டர் உண்டா? இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் திறந்த கல்லறைக்கும் என் அண்ணன் செய்ததற்கும் என்ன சம்பந்தம்?

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான பதிலும் அதற்குள்தான் இருக்கிறது.

அந்தக் கல்லறைக்கும் உங்கள் அண்ணன் செய்ததற்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் உங்களைச் சுற்றியிருப்பவர்கள் சொல்கிற சம்பந்தம் வேறு. ஆண்டவர் எழுந்துவிட்டார், எல்லாம் நல்லபடியாக முடிந்தது, அதனால் நீயும் நடந்ததை விட்டுவிடு என்று ஈஸ்டரைச் சுருக்கி உங்கள் கையில் கொடுத்திருக்கிறார்கள். வேதத்தைத் திறந்து பார்த்தால் உயிர்த்தெழுதல் முதலில் சொல்வது, நடந்தது அநியாயம் என்பதைத்தான். மன்னிப்பு அதற்குப் பின்னால் வருகிறது. இந்த வரிசையைப் புரட்டிப் போட்டதால்தான் உங்களுக்கு இவ்வளவு வேதனை என்று நினைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நிலைமை எப்படி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். யூதருடைய ஆலோசனைச் சங்கம் இயேசுவைத் தேவதூஷணம் சொன்னவர் என்று தீர்த்துவிட்டது. ரோமத் தேசாதிபதி பிலாத்து மரணத்துக்கு ஒப்புக்கொடுத்துவிட்டான். மரத்தில் தூக்கிப் போடப்பட்டவன் தேவனால் சபிக்கப்பட்டவன் என்று உபாகமம் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. ஆகவே பக்தியுள்ள யூதனுக்கு அந்தச் சிலுவையைப் பார்த்ததுமே சந்தேகம் தீர்ந்திருக்கும். மறுநாள் கல்லறைக் கல்லுக்கு முத்திரை வைத்து, காவலும் போட்டாயிற்று. சமயம், அரசு, ஊர்ப்பேச்சு மூன்றும் அவருக்கு எதிராக ஒரே முடிவில் நின்றன. கையெழுத்தும் முத்திரையும் உங்களுக்கு எதிராகப் பேசும்போது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிறு காலையில் தேவன் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தார். உயிர்த்தெழுதலுக்கு வேறு பல அர்த்தங்கள் உண்டு, ஆனால் முதல் சபை அதை முதன்முதலில் வெளியே சொன்னபோது இப்படித்தான் சொன்னது. ஐம்பதாம் நாளில், அதே எருசலேமில், சீஷனாகிய பேதுரு எழுந்து நின்று பேசியதை அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்தில் வாசியுங்கள். நீங்கள் அவரைக் கொலை செய்தீர்கள், தேவனோ அவரை எழுப்பினார் என்கிறான். எல்லாம் கடந்துபோயிற்று, மறந்துவிடுவோம் என்று அவன் ஆரம்பிக்கவில்லை. கேட்டவர்கள் இருதயத்தில் குத்தப்பட்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று கேட்கிறார்கள். மனந்திரும்புங்கள், பாவமன்னிப்பு உண்டு என்ற பதில் அதற்கப்புறம்தான் வருகிறது. அன்றைக்கு ஏறக்குறைய 3000 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். உண்மையை மூடாமல் சொன்னதால் அந்த மன்னிப்பு குறைந்துபோகவில்லை. அது அத்தனை பேருக்கு எட்டியதே அப்படிச் சொன்னதால்தான்.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது, கிறிஸ்து எழுந்திராவிட்டால் உங்கள் விசுவாசம் வீண், நீங்கள் இன்னும் உங்கள் பாவங்களில் இருப்பீர்கள் என்கிறார் (1 கொரிந்தியர் 15:17). சிலுவையில்தானே பாவம் சுமக்கப்பட்டது, பிறகு ஏன் உயிர்த்தெழுதல் இல்லாவிட்டால் பாவத்திலேயே இருப்போம் என்கிறார் என்று நிறையப் பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். காரணம் இதுதான். இயேசு கல்லறையிலேயே இருந்திருந்தால் வெள்ளிக்கிழமைத் தீர்ப்பே கடைசித் தீர்ப்பு. சபிக்கப்பட்ட இன்னொரு மனிதர் செத்துப்போனார், அவ்வளவுதான். அவர் நமக்காகச் செத்தார், அந்தப் பலியைப் பிதா ஏற்றுக்கொண்டார் என்பதற்கு ஆதாரமே இருந்திருக்காது. ரோமர் 4ஆம் அதிகாரத்தின் கடைசி வசனம் இரண்டையும் ஒன்றாகக் கட்டுகிறது: நம் பாவங்களுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்டார், நாம் நீதிமான்களாக்கப்படுவதற்காக எழுப்பப்பட்டார். ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணம் சொல்கிறோமே, அதிலும் பாவமன்னிப்பும் சரீரம் உயிர்த்தெழுதலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன.

இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு மிகவும் பெரிதாகத் தோன்றுவது. ஒருவனுக்குச் செய்யப்பட்ட தீங்கை மன்னிக்கும் முதல் உரிமை அவனுக்குத்தான். கொலையில் அந்த உரிமையும் சேர்ந்தே செத்துப்போகிறது. யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது? உலகத்தில் திருத்தவே முடியாத குற்றம் என்று அதைச் சொல்வது இதனால்தான். ஈஸ்டர் அன்றைக்குச் சாயங்காலம், கொல்லப்பட்டவரே திரும்பி வந்து, விட்டு ஓடிப்போனவர்கள் நடுவில் நின்று, "உங்களுக்குச் சமாதானம்" என்றார். கிறிஸ்தவ விசுவாசத்தில் மன்னிப்பு வெறும் கட்டளையாக இல்லாமல் செய்தியாக இருப்பதற்குக் காரணம் அந்தச் சாயங்காலம்தான். மன்னிக்கக்கூடிய ஒருவர் உயிரோடிருக்கிறார்.

அவர் அப்படி வந்து நின்றபோது முதலில் என்ன செய்தார் தெரியுமா? தம் கைகளையும் விலாவையும் காட்டினார். யோவான் 20ஆம் அதிகாரத்தில் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். மரணத்தையே ஜெயித்த சரீரம் அது. பூட்டியிருந்த வீட்டுக்குள் வந்து நிற்கிற சரீரம். ஆணிக்காயங்களை மட்டும் அழித்துக்கொண்டு வர முடியாதா அவரால்? வைத்துக்கொண்டே வந்தார், தாமாகவே காட்டவும் செய்தார். சமாதானம் என்று சொன்ன அதே மூச்சில், இது நடந்தது, இங்கே பாருங்கள் என்றார். எட்டு நாள் கழித்து, நம்ப மறுத்த சீஷன் தோமாவிடம் தொட்டுப் பார்க்கவும் சொன்னார். "பழசையெல்லாம் மறந்துவிடுவோம்" என்பது ஈஸ்டரின் பேச்சு இல்லை, சகோதரி. காயத்தைக் காட்டக்கூடாது என்று உங்களிடம் கேட்கும் எவரும், அந்த அறையில் ஆண்டவர் செய்ததற்கு நேர்மாறானதைக் கேட்கிறார்.

பேதுருவின் விஷயத்தையும் பாருங்கள். பிரதான ஆசாரியன் வீட்டு முற்றத்தில் கரிநெருப்பில் குளிர்காய்ந்துகொண்டு, அந்த மனுஷனை அறியேன் என்று மூன்று தரம் சொன்னவன். திபேரியாக் கடற்கரையில் ஆண்டவர் மறுபடியும் ஒரு கரிநெருப்பைப் போட்டுவைத்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார். சாப்பிட்டு முடித்ததும் மூன்று தரம் கேட்கிறார், என்னை நேசிக்கிறாயா என்று. மூன்றாம் தரம் கேட்டபோது பேதுரு துக்கப்பட்டான் என்று எழுதியிருக்கிறது. அவனுக்கு வலிக்கும் என்று ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தே கேட்டார். மறுதலித்ததைச் சொல்லிக் காட்டவில்லை, ஆனால் அதைச் சுற்றிக்கொண்டும் போகவில்லை. அந்த வலியின் வழியாகத்தான் என் ஆடுகளை மேய்ப்பாயாக என்ற பொறுப்பு அவன் கைக்குத் திரும்பி வந்தது. உங்கள் அண்ணன் கேட்கிற மறதியில் இந்த உரையாடலுக்கே இடமில்லை. அது அவருக்கும் நல்லதில்லை.

மத்தேயு 18இல் வருகிற மன்னிக்காத ஊழியக்காரன் உவமையை யாராவது உங்களுக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். பதினாயிரம் தாலந்து கடனை மன்னிக்கப்பெற்றவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்த கதை. அந்த நூறை ஒன்றுமில்லாத சில்லறையாகப் பேசும் வழக்கம் பிரசங்கங்களில் இருக்கிறது. அது சரியில்லை. ஒரு வெள்ளிப்பணம், அதாவது ஒரு தெனாரியம், கூலியாளின் ஒரு நாள் சம்பளம். நூறு என்றால் மூன்று மாதத்துக்கும் மேலான உழைப்பு. வீட்டில் அடுப்பு எரிவதையே பாதிக்கிற தொகை. ஒரு தாலந்து சுமார் 6000 தெனாரியம். பதினாயிரம் தாலந்தோ எத்தனை பிறவி எடுத்தாலும் அடைக்க முடியாதது. பெரிய கடனுக்கு முன்னால் சிறியது சிறியதாகத் தெரிகிறது, உண்மைதான். ஆனால் அது கடனே இல்லை என்று இயேசு எங்கும் சொல்லவில்லை. உங்களுக்கு உண்மையாகவே கடன் பட்டிருக்கிறார்கள். மன்னிப்பு என்று ஒன்று தேவைப்படுவதே அதனால்தான். ஒன்றும் நடக்காத இடத்தில் மன்னிக்க என்ன இருக்கிறது?

இனி திருவிருந்து, ஆண்டவரின் நினைவாக அப்பமும் ரசமும் பகிரும் பந்தி. "பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு" என்ற வசனத்தை உங்களிடம் சொல்லியிருப்பார்கள். மத்தேயு 5:23ஐ ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். யார் எழுந்து போகவேண்டும் என்கிறது? தன்பேரில் தன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வருகிறவன். அதாவது தவறு செய்தவன். இந்த வசனம் முதலில் உங்கள் அண்ணனின் வாசலில் போய் நிற்க வேண்டியது. அதை உங்கள் தலையில் வைத்தது தவறு என்றே நினைக்கிறேன். மாற்கு 11:25 மறுபக்கத்தையும் சொல்கிறது: ஒருவன்பேரில் உங்களுக்குக் குறை உண்டானால் ஜெபிக்கும்போது மன்னியுங்கள். அதை நான் உங்களிடமிருந்து மறைக்க மாட்டேன், கொஞ்ச நேரத்தில் அதற்கு வருகிறேன். ஆனால் அது அப்பத்தை உங்களுக்கு மறுக்கச் சொல்லும் வசனம் இல்லை. 1 கொரிந்தியர் 11இல் பவுல் அபாத்திரமாய், அதாவது தகாத விதமாய்ப் பந்தியில் சேருவதைக் கண்டித்தது, இல்லாதவர்கள் பசியாயிருக்க மற்றவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டு அவர்களை வெட்கப்படுத்தியதற்காக. மன்னிக்கப் போராடிக்கொண்டு, முடியவில்லையே என்று அழுகிறவளை விரட்டுவதற்காக அவர் அதை எழுதவில்லை. அந்தப் பந்தி முதன்முதலாக வைக்கப்பட்டது ஆண்டவர் காட்டிக்கொடுக்கப்பட்ட இராத்திரியில். விடிவதற்குள் மறுதலிக்கப்போகிறவனும் அதில் உட்கார்ந்திருந்தான். நீங்கள் போங்கள். கை நீட்டுங்கள். பலம் இல்லாதவர்களுக்குத்தான் அந்த அப்பம்.

சரி, அப்படியானால் மன்னிக்கவே வேண்டாமா? வேண்டும். இங்கே நான் உங்களுக்கு எளிதான பதிலைக் கொடுத்தால் உங்களை ஏமாற்றியவனாவேன். எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்று தினமும் ஜெபிக்கிறோம். அந்த ஜெபத்தைச் சொல்லிக்கொடுத்து முடித்ததுமே இயேசு மறுபடியும் எடுத்துப் பேசிய ஒரே வேண்டுதல் அதுதான். ஆகவே கேள்வி, மன்னிக்கவேண்டுமா என்பதல்ல. எதை விட்டுக்கொடுக்கவேண்டும், எதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பதுதான்.

உயிர்த்தெழுந்தவர் போன இடங்களைக் கவனித்தால் எனக்கு ஒரு வெளிச்சம் கிடைக்கிறது. தோட்டத்தில் மரியாளிடம் போனார். எம்மாவு வழியில் இரண்டு பேரோடு நடந்தார். பயந்து ஒளிந்திருந்தவர்களிடம் போனார். பிலாத்துவின் அரண்மனைக்குப் போகவில்லை. பிரதான ஆசாரியன் காய்பாவின் வீட்டுக் கதவைத் தட்டி, இப்போது என்ன சொல்கிறாய் என்று கேட்கவில்லை. போயிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! ஜெயித்த அந்த வாரத்தில் பழிவாங்கல் என்ற அதிகாரமே இல்லை. 1 பேதுரு 2:23 இதற்குக் காரணம் சொல்கிறது: அவர் பாடுபடும்போது பயமுறுத்தாமல், நியாயமாய்த் தீர்ப்புச் செய்கிறவருக்குத் தம்மை ஒப்புவித்தார். வழக்கை அவர் கைவிடவில்லை, உரிய நீதிபதியிடம் ஒப்படைத்தார். உங்களிடம் கேட்கப்படுவதும் இதுதான். அண்ணன் கெட்டுப்போக வேண்டும் என்ற ஆசை, அவர் பிள்ளைகளுக்கு ஒரு கஷ்டம் வந்தால் உள்ளுக்குள் வருகிற திருப்தி, இராத்திரியில் அவரை நிற்கவைத்து நீங்களே திரும்பத் திரும்ப நடத்துகிற விசாரணை, இவற்றை ஒவ்வொன்றாகத் தேவன் கையில் கொடுக்கவேண்டும். கொடுப்பது லேசில்லை. கொடுத்ததைச் சில நாட்களில் நாமே திரும்பப் பிடுங்கிக்கொள்வோம். மறுபடியும் கொடுக்கவேண்டியதுதான். ஏழெழுபதுதரம் மன்னிக்க வேண்டும் என்று இயேசு சொன்னது ஒரே தவறை இத்தனை தரம் மனசுக்குள் மன்னிக்க வேண்டியிருப்பதற்கும் பொருந்தும் என்று நான் நினைக்கிறேன்.

மறுபடியும் கோபம் வந்தால் நீங்கள் மன்னித்தது பொய் என்று அர்த்தம் இல்லை. ஞாபகம் வந்தால் கோபம் வரும், மனசின் அமைப்பே அப்படி.

விட்டுக்கொடுக்கத் தேவையில்லாதவையும் உண்டு. நடந்தது நடந்தது என்று சொல்லும் உரிமை உங்களுடையது. அப்பாவைப் பார்த்துக்கொண்டது நான்தான் என்ற உண்மையைத் தேவைப்படும் இடத்தில் அமைதியாகச் சொல்வது பாவமில்லை. நம்பிக்கையும் உடனே கொடுக்க வேண்டியதில்லை. சபையைத் துன்பப்படுத்திய சவுலை, பின்னாளில் பவுல் என்று அறியப்பட்டவனை, பார்க்கப் போகும்படி தமஸ்குவில் அனனியா என்ற சீஷனிடம் ஆண்டவர் சொன்னபோது, அந்த மனுஷன் எவ்வளவு பொல்லாங்கு செய்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேனே என்று அவன் முதலில் முகத்துக்கு நேரே சொன்னான். ஆண்டவர் அதற்காக அவனைக் கடிந்துகொள்ளவில்லை. பிறகு போய், தலைமேல் கைவைத்து, "சகோதரனாகிய சவுலே" என்றான். அந்த வார்த்தை அவன் வாயிலிருந்து வருவதற்குள் அவன் உள்ளே எவ்வளவு தூரம் நடந்திருக்கவேண்டும்! அப்படியும், சவுல் எருசலேமுக்கு வந்தபோது சீஷர்கள் அவனை நம்பாமல் பயந்தார்கள். பர்னபா நடுவில் நின்று கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. மன்னிப்பு ஒரு பக்கத்திலிருந்தே நடக்கும். ஒப்புரவுக்கு இரண்டு பேர் வேண்டும், சில சமயம் பர்னபாவைப் போல மூன்றாவது ஆளும் வேண்டும். கூடுமானால், உங்களாலானமட்டும் எல்லாரோடும் சமாதானமாயிருங்கள் என்று ரோமர் 12 சொல்லும்போது, அது உங்களால் மட்டும் ஆகிற காரியம் இல்லை என்பதும் அதில் இருக்கிறது.

ஈஸ்டருக்குள் என்ற கெடு அண்ணன் வைத்தது. தேவன் வைக்கவில்லை. முதல் ஈஸ்டருக்கே யாரும் ஆயத்தமாக இருக்கவில்லை. பெண்கள் பயந்து ஓடினார்கள், சீஷர்கள் கதவைப் பூட்டிக்கொண்டார்கள், தோமாவுக்கு இன்னும் ஒரு வாரம் ஆயிற்று, கலிலேயா மலையில் அவரைக் கண்டபோதும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு ஒளிக்காமல் எழுதுகிறார். திருச்சபைக் காலண்டரிலும் ஈஸ்டர் ஒரே நாளில் முடிவதில்லை, பெந்தெகொஸ்தே வரை 50 நாள் நீள்கிறது. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் தவக்காலத்துக்கு முந்தின ஞாயிற்றை மன்னிப்பின் ஞாயிறு என்றே அனுசரிக்கிறார்கள். ஆயர் முதல் பிள்ளைகள் வரை ஒருவர்முன் ஒருவர் வணங்கி, என்னை மன்னியுங்கள் என்று கேட்கிறார்கள். அங்கே எல்லாரும் கேட்கிறவர்கள். நீ எனக்கு மன்னிப்புக் கொடுத்தாகவேண்டும் என்று அதட்டுகிறவர்கள் யாரும் இல்லை. உங்கள் அண்ணனின் செய்தியில் இல்லாமல் போனது இதுதான். இதை நீங்கள் கவனித்தது உங்கள் கடின மனசால் என்று நினைத்து வருந்தாதீர்கள்.

நீங்கள் எங்கே தொடங்கலாம் என்று சொல்கிறேன். சங்கீதம் 55ஐ எடுத்துக்கொள்ளுங்கள். என்னை நிந்தித்தவன் சத்துரு அல்ல, அப்படியிருந்தால் சகிப்பேன் என்று தாவீது அதில் புலம்புகிறார். நெருங்கினவன் செய்த துரோகம் அது. அந்தச் சங்கீதத்தை உரக்க வாசியுங்கள், உங்கள் சொந்த வார்த்தைகளையும் இடையில் சேர்த்துக்கொள்ளுங்கள். தேவனுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக நடிக்கத் தேவையில்லை. அப்புறம் சிலுவையில் ஆண்டவர் ஜெபித்ததைப் பாருங்கள்: "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்." அடி விழுந்துகொண்டிருந்த நேரத்தில் அவரே பிதாவிடம்தான் கேட்டார். உங்களுக்கும் அந்த வழி திறந்திருக்கிறது. நான் மன்னிக்கிறேன் என்று இன்றைக்கு வாயில் வரவில்லையென்றால், பிதாவே, என்னால் இன்னும் முடியவில்லை, நீர் அவருக்கு மன்னியும், என்னையும் அதற்குள் கொண்டுவாரும் என்று சொல்லுங்கள். இதுவும் மன்னிப்பின் ஜெபம்தான். தூக்கம் தொடர்ந்து கெட்டுப்போனால் ஒரு மருத்துவரையும் பாருங்கள், ஜெபத்துக்கு அது எதிரி இல்லை.

அண்ணனுக்குப் பதில் எழுதாமல் விடவேண்டாம். இப்படி எழுதலாம்: "அண்ணா, உங்கள் செய்தி வந்தது. நீங்கள் எழுதியது எனக்குச் சந்தோஷம். என்னால் மறக்க முடியவில்லை, ஆனால் மன்னிக்க ஆண்டவரிடம் பலம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பாவை நான் பார்க்கவில்லை என்று நீங்கள் சொன்னதுதான் எனக்கு மிகவும் வலித்தது. அதைப் பற்றி நாம் நேரில் பேசவேண்டும். இரண்டு பேரும் மதிக்கிற பெரியவர் ஒருவரை வைத்துப் பேசலாமா?" இதற்கு மேல் வேண்டாம். வீட்டு விஷயத்தை முதல் செய்தியிலேயே கொண்டுவந்தால் பேச்சு பத்திரத்தில் ஆரம்பித்துப் பத்திரத்திலேயே முடிந்துவிடும். உங்களுக்கு வீட்டைவிட அந்தச் சொல்தான் பெரிய காயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குங்கள்.

சொத்துப் பங்கைக் கேட்டால் மன்னிக்கவில்லை என்று ஆகிவிடுமா என்ற சந்தேகம் உங்களுக்கு வரும். ஆகாது. வரி வசூலிப்பவனான சகேயு மன்னிப்பைப் பெற்ற அதே நாளில், அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாகத் திருப்புகிறேன் என்றான். இயேசு வேண்டாம் என்று தடுக்கவில்லை, இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். திருப்பிக் கொடுப்பது உங்கள் அண்ணனின் ஆத்துமாவுக்கே நல்லது. விசுவாசிகள் ஒருவரோடொருவர் நீதிமன்றம் போவதை 1 கொரிந்தியர் 6இல் பவுல் வருத்தத்தோடு பேசுகிறார், நஷ்டத்தை ஏன் பொறுத்துக்கொள்ளக்கூடாது என்றும் கேட்கிறார். அதை வைத்து உங்களை அடக்கப் பார்ப்பார்கள். அடுத்த வசனத்தில் அவர் சகோதரருக்கே நஷ்டம் செய்கிறவர்களைத்தான் கடிகிறார், அதற்குச் சற்று முன்பே, இவற்றைத் தீர்த்துவைக்க உங்களுக்குள் விவேகி ஒருவனும் இல்லையா என்று சபையையும் கேட்கிறார். ஆகவே முதலில் நடுவர் ஒருவரைத் தேடுங்கள். பேச்சுவார்த்தைக்கு அவர் வரவே மறுத்தால், வழக்கறிஞரிடம் உங்கள் உரிமை என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பவுலே, தனக்கு நியாயம் கிடைக்காது என்று கண்டபோது ரோமப் பேரரசனாகிய இராயனுக்கு அபயமிட்டவர்தான், அதாவது மேல்முறையீடு செய்தவர்தான். பழிக்காக இல்லாமல் நியாயத்துக்காகப் போகிறீர்களா என்பதை மட்டும் ஜெபத்தில் சோதித்துக்கொள்ளுங்கள். போவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. விட்டுவிட்டாலும், யாரும் அதட்டிப் பிடுங்கினதாக இல்லாமல் நீங்கள் மனதாரக் கொடுத்ததாக இருக்கட்டும்.

இந்த ஈஸ்டர் ஆராதனைக்குப் போங்கள். "உயிர்த்தெழுந்தார்" என்று ஆயர் சொல்லும்போது, மனசு ஆறியிருந்தாலும் ஆறாவிட்டாலும், "மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்" என்று நீங்களும் சேர்ந்து சொல்லுங்கள். அதைச் சொல்ல மன்னித்து முடித்திருக்க வேண்டிய அவசியமில்லை. அநியாயத் தீர்ப்பு நிலைக்கவில்லை என்பதுதான் அதன் முதல் அர்த்தம், அதை உங்களைவிட அதிகமாகச் சொல்லத் தேவையுள்ளவர் அந்தச் சபையில் யார்? திருவிருந்தைப் பற்றி மட்டும் முன்கூட்டியே உங்கள் ஆயரைத் தனியாகப் பார்த்துப் பேசிவிடுங்கள், பந்தியருகே யாரும் உங்களைத் தடுத்துச் சங்கடப்படுத்தாமல் இருக்கும். விருப்பமிருந்தால் இந்தப் பதிலையும் அவரிடம் காட்டுங்கள். அண்ணனுக்கு அனுப்பும் செய்திக்கு வருகிற பதிலை எனக்கு எழுதுங்கள், பேச ஒத்துக்கொண்டாலும் சரி, மறுத்தாலும் சரி. அடுத்து என்ன செய்யலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.